கம்ப்யூட்டர் ஃபேன் சத்தம் போடுகிறதா? சத்தத்தை வைத்தே பழுதைப் பிடிக்கலாம்

ஃபேன் சத்தம் தாங்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால், பல நேரம் ஃபேன் மேல் ஒரு குற்றமும் இருக்காது. ஒயர் உரசிக்கொண்டிருக்கும், தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் புராசஸர் சூடாகி ஃபேனை விரட்டிக்கொண்டிருக்கும். அதனால் புது ஃபேன் வாங்க ஓடாதீர்கள். முதலில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கிறது, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதிப் பழுது அதிலேயே தெரிந்துவிடும்.

கீழே சத்தத்தின் வகைப்படி பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

## முதலில், சத்தம் போடுவது எந்த ஃபேன்?

டெஸ்க்டாப்பில் பொதுவாக நான்கு இடங்களில் ஃபேன் இருக்கும்: புராசஸரின் மேல், கேபினட்டின் முன்புறமும் பின்புறமும், கிராபிக்ஸ் கார்டில், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) உள்ளே. இரும்புப் பெட்டிக்குள் சத்தம் எதிரொலிப்பதால் காது நன்றாகவே ஏமாற்றும். பின்னால் இருந்து வருவது போலக் கேட்கும், காரணம் முன்னால் இருக்கும்.

கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்து, பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். எதைத் தொடும் முன்பும் கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்; உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போர்டுக்குப் போகாது.

இப்போது ஒயரை மாட்டி, தகடு இல்லாமலே ஆன் செய்யுங்கள். தகட்டைக் கழற்றியதுமே சத்தம் போய்விட்டதா? அப்படியானால் தகடு அதிர்கிறது அல்லது உள்ளே காற்று போதவில்லை. அதிர்வு பற்றிய பகுதிக்கும் முழு வேக இரைச்சல் பற்றிய பகுதிக்கும் போங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு ஃபேனுக்கும் பக்கத்தில் கொண்டுபோங்கள். இறக்கையில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதற்கு மேல் கருவி எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

சந்தேகம் தீரவில்லை என்றால், கம்ப்யூட்டரை அணைத்து, கேபினட் ஃபேன் ஒன்றின் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். சத்தம் நின்றால் அதுதான். இல்லையென்றால் அதை மாட்டிவிட்டு அடுத்ததைப் பிடுங்குங்கள். புராசஸர் ஃபேனை மட்டும் இப்படிப் பிடுங்கக் கூடாது. அதற்கு, ரப்பர் வைத்த பென்சிலின் ரப்பர் முனையால் ஃபேனின் நடுக்குமிழை மெல்ல அழுத்தி இரண்டு நொடி நிறுத்திப் பார்த்தால் போதும். இறக்கையை அழுத்தினால் உடைந்துவிடும். கிராபிக்ஸ் கார்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இந்த வேலை வேண்டாம். மற்றதெல்லாம் இல்லை என்று ஆனபின் மிஞ்சுவது எதுவோ, அதைச் சந்தேகப்படுங்கள்.

## டக்டக்டக் அல்லது டர்ர்ர்: ஏதோ இறக்கையில் படுகிறது

இருப்பதிலேயே எளிய பழுது இது. ஃபேன் வேகம் கூடும்போது டக்டக் நெருங்கி டர்ர்ர் ஆகும். கேபினட்டை நகர்த்திய பிறகு, அல்லது ரேம், டிஸ்க் ஏதாவது மாட்டிய பிறகு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒயர் என்று சொல்லலாம். முக்கியமாக, முன்பக்கப் பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர்கள். கேபிள் டை போட்டு ஓரமாகக் கட்டுங்கள். டையின் வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். அந்த வாலே இறக்கையில் உரசுவதும் உண்டு.

ஒயர் இல்லையென்றால் ஃபேனின் நடுவில் ஒட்டிய ஸ்டிக்கர் ஓரம் கிளம்பியிருக்கிறதா என்று பாருங்கள். உயரமான ஹீட்சிங்க்கில் (புராசஸரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் தகடுகளின் தொகுப்பு) ஃபேன் கம்பிக் கிளிப்பால் மாட்டப்பட்டிருக்கும். ஒரு பக்கக் கிளிப் நழுவினால் ஃபேன் சரிந்து ஹீட்சிங்க் தகடுகளிலோ ரேமிலோ இடிக்கும். கடைசியாக, இறக்கை ஒன்று உடைந்திருக்கலாம். உடைந்த இறக்கையை ஒட்டிப் பயனில்லை. எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஃபேனின் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். ஃபேனை மாற்றிவிடுங்கள்.

## ஆன் செய்ததும் கொரகொர, சிறிது நேரத்தில் அடங்குகிறது

இது பேரிங். இரவு முழுக்க அணைந்து கிடந்த கம்ப்யூட்டரைக் காலையில் போட்டதும் உறுமும், பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாதது போல் ஆகிவிடும். விலை குறைந்த ஃபேன்களில் இருக்கும் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய்ப் பசை வற்றிக்கொண்டே வரும். குளிர்ந்திருக்கும்போது மிச்சமிருப்பதும் கெட்டியாக நிற்கும். சுழன்று சூடேறியதும் இளகும். நாளாக ஆக அந்தப் பத்து நிமிடம் அரை மணியாகும், அப்புறம் நாள் முழுக்கக் கொரகொர.

உறுதி செய்ய, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு இறக்கையை விரலால் சுண்டிவிடுங்கள். நல்ல ஃபேன் மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கும். பேரிங் போனது சட்டென்று நிற்கும், அல்லது சுற்றும்போதே விரலில் நறநறவென்று தெரியும். நடுக்குமிழைப் பிடித்து ஆட்டியும் பாருங்கள். முன்னும் பின்னும் துளி அசைவு இருப்பது இயல்பு. பக்கவாட்டில் ஆடினால் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்னொரு சோதனையும் செய்யலாம்: கம்ப்யூட்டரை அணைத்து, கேபினட்டைப் படுக்கவைத்து ஆன் செய்தால் சத்தம் மாறுகிறதா? மாறினால் பேரிங்தான்.

எண்ணெய் விடலாமா? விடலாம், தற்காலிகமாக. ஃபேனைக் கழற்றி, நடுவிலிருக்கும் ஸ்டிக்கரை மெதுவாக உரியுங்கள். அடியில் சின்ன ரப்பர் மூடியோ தண்டின் முனையோ தெரிந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. விரலால் சுற்றிவிட்டு, வழிந்ததைத் துடைத்து, ஸ்டிக்கரை ஒட்டுங்கள். எண்ணெய் பட்ட ஸ்டிக்கர் ஒட்டாது. ஒரு துண்டு டேப் போட்டுவிடுங்கள். அடியில் வெறும் பிளாஸ்டிக்தான் தெரிகிறது என்றால் அது மூடி முத்திரையிட்ட பேரிங், விட்டுவிடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம், சில நாளில் பிசினாகி ஃபேனையே நிறுத்திவிடும். துரு இளக்கும் ஸ்ப்ரேயும் வேண்டாம். அது இருக்கிற பசையையும் கழுவிவிட்டுத் தானும் ஆவியாகிவிடும். இரண்டு நாள் அமைதி, அப்புறம் முன்னைவிட மோசம்.

என்னைக் கேட்டால், புது ஃபேன் வரும் வரைக்கும்தான் இந்த எண்ணெய் வைத்தியம். கேபினட் ஃபேன் கம்ப்யூட்டரிலேயே மலிவான பொருள்களில் ஒன்று. அதற்காக ஒவ்வொரு மாதமும் எண்ணெய்ச் சீசாவோடு உட்காருவதில் அர்த்தமில்லை.

மாற்றும்போது அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஃபேனின் அளவு என்பது சட்டத்தின் வெளி விளிம்பு முதல் விளிம்பு வரை. ஸ்குரூ ஓட்டைகளுக்கு இடையே அளந்தால் தப்பாகும். ஓட்டைகளுக்கு இடையே 105 மி.மீ. இருந்தால் அது 120 மி.மீ. ஃபேன். 82.5 என்றால் 92 மி.மீ., 71.5 என்றால் 80 மி.மீ. கேபினட் ஃபேன்களின் தடிமன் பெரும்பாலும் 25 மி.மீ. பிளக்கில் 3 பின் இருக்கிறதா 4 பின் இருக்கிறதா என்று பார்த்து அதே வகை வாங்குங்கள். பெரிய நிறுவனங்கள் முழுதாகக் கட்டித் தரும் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் பிளக்கே வேறு மாதிரி இருக்கும். அவற்றுக்குப் பழைய ஃபேனின் ஸ்டிக்கரில் உள்ள பார்ட் எண்ணைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மாட்டும் திசையும் முக்கியம். சட்டத்தின் குறுக்குக் கைகள் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சில ஃபேன்களில் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். முன்னால் இருப்பது உள்ளே இழுக்க வேண்டும், பின்னால் இருப்பது வெளியே தள்ள வேண்டும்.

இன்னொன்று: வாரக்கணக்கில் உறுமிய ஃபேன் ஒருநாள் தானாக அடங்கிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். சுற்றுகிறதா என்று போய்ப் பாருங்கள். இறுகி நின்றிருக்கலாம்.

## ஆன் செய்ததிலிருந்தே முழு வேக இரைச்சல்

ஆன் செய்த முதல் சில நொடி மட்டும் ஃபேன் வேகமாகச் சுற்றிவிட்டு அடங்கினால் அது பழுதல்ல, அப்படித்தான் பல போர்டுகள் தொடங்கும். அடங்கவே இல்லையென்றால்தான் தேட வேண்டும்.

முதலில் தூசி. புராசஸர் ஃபேனின் மேல் தெரிகிற தூசியை எல்லாரும் துடைப்பார்கள். உண்மையான அடைப்பு ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில், மெத்தை மாதிரிப் படிந்திருக்கும்; ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணில் படும். கம்ப்யூட்டரை வெளியே கொண்டுபோய், மென்மையான பிரஷ்ஷால் கிளப்பி, ப்ளோயரால் ஊதுங்கள். ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெடும்; ஒயர் மாட்டியிருந்தால் ஃபேனே ஜெனரேட்டர் போல் மின்சாரம் உண்டாக்கிப் போர்டுக்கு அனுப்பவும் கூடும். வீட்டு வாக்குவம் கிளீனர் முனையைப் போர்டின் மேல் வைக்காதீர்கள், அது நிலைமின்சாரம் உண்டாக்கும். முன்பக்கத் தூசி வலையையும் கழற்றிக் கழுவி, ஈரம் இல்லாமல் காயவைத்து மாட்டுங்கள்.

தூசி எடுத்தும் இரைச்சல் என்றால் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரை) போய் புராசஸர் வெப்பநிலையைப் பாருங்கள். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

வெப்பம் குறைவாக, 40, 50 டிகிரிக்குள் இருக்கிறது, ஆனாலும் முழு வேகம்: சூடு காரணமில்லை, கட்டுப்பாட்டில்தான் கோளாறு. 4 பின் பிளக்கில் 3 பின் ஃபேனை மாட்டி, பயாஸில் ஃபேனைக் கட்டுப்படுத்தும் முறையை பிடபிள்யூஎம் (4 பின் ஃபேனுக்கானது) என்று வைத்திருந்தால் அந்த ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். டிசி அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். ஃபேனைப் போர்டில் மாட்டாமல் எஸ்எம்பிஎஸ் ஒயரில் நேரடியாக மாட்டியிருந்தாலும் அதே கதை. போர்டில் காலியான ஃபேன் பிளக் இருந்தால் அங்கே மாற்றுங்கள். ஃபேன் அமைப்பு முழு வேகத்தில் வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சரி செய்தும் மறுநாள் பழையபடி ஆகிறது, கடிகாரமும் தப்பாகக் காட்டுகிறது என்றால் போர்டில் உள்ள சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், அப்புறம் பயாஸில் ஃபேன் அமைப்பை மறுபடி வையுங்கள்.

வெப்பம் 70, 80 என்று நிற்கிறது அல்லது ஏறிக்கொண்டே போகிறது: ஃபேன் தன் வேலையைச் செய்கிறது, ஹீட்சிங்க் புராசஸரில் சரியாக உட்காரவில்லை. இன்டெல் புராசஸர்களோடு வரும் வட்டமான ஹீட்சிங்க்கில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். அதில் ஒன்று கிளம்பியிருப்பது நான் அடிக்கடி பார்க்கிற காட்சி, கேபினட்டை வண்டியில் ஏற்றி இறக்கிய பிறகு குறிப்பாக. ஒவ்வொரு பின்னையும் தொட்டு ஆட்டிப் பாருங்கள். ஆடுகிற பின்னைச் சரியான நிலைக்குத் திருப்பி, டக்கென்று சத்தம் வரும்வரை நேராக அழுத்துங்கள். மூலைவிட்டமாக, எதிரெதிர்ப் பின்களை ஜோடியாக அழுத்துவதுதான் முறை.

எல்லாப் பின்னும் சரியாக இருந்தால், புராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். ஹீட்சிங்க்கைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, பட்டாணி அளவுப் புதுப் பேஸ்ட் நடுவில் வைத்து மாட்டுங்கள். ஒருமுறை கழற்றிவிட்டால் பழைய பேஸ்ட்டோடு திருப்பி மாட்டக் கூடாது. ஏஎம்4 என்ற சாக்கெட்டில் (புராசஸர் உட்காரும் இடம்) இருக்கும் ஏஎம்டி புராசஸர் என்றால் ஒரு எச்சரிக்கை: காய்ந்த பேஸ்ட் இறுகப் பிடித்திருக்கும்போது நேராக இழுத்தால் புராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். கழற்றும் முன் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகிவிட்டு எடுங்கள்.

புதுப் பேஸ்ட் போட்டு, பின்கள் எல்லாம் இறுகியிருந்தும், பயாஸில் சும்மா இருக்கும்போதே 90ஐத் தாண்டுகிறதா? இனி நீங்கள் தொட வேண்டாம், ஆளிடம் கொடுங்கள்.

## இரைச்சல் ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது

நிலையான இரைச்சலைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் எரிச்சலூட்டும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புராசஸரை யார் தின்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பிரவுசரின் ஏதோ ஒரு டேப், பின்னணியில் ஓடும் அப்டேட், அல்லது ஆன்டிவைரஸ் ஸ்கேன். அது முடியட்டும். நீங்கள் ஒன்றுமே செய்யாதபோது மணிக்கணக்கில் ஃபேன் கத்தி, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் அடங்கினால், யாரோ உங்கள் கம்ப்யூட்டரில் கள்ளத்தனமாக கிரிப்டோ மைனிங் (டிஜிட்டல் நாணயம் எடுக்கும் கணக்கு வேலை) ஓட்டுகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டியதுதான். முழு ஸ்கேன் போடுங்கள்.

அப்படி எதுவும் இல்லை, ஒரு புரோகிராமைத் திறந்தாலே உர்ரென்று ஏறி இறங்குகிறது என்றால் எந்த வெப்பத்தில் ஃபேன் எவ்வளவு வேகம் ஓட வேண்டும் என்று பயாஸில் காட்டும் வரைகோட்டைத் திருத்துங்கள். இப்போதைய புராசஸர்கள் ஒரே நொடியில் 10, 15 டிகிரி ஏறி அதே வேகத்தில் இறங்கும். ஃபேன் அதைத் துரத்தத் தேவையில்லை. 60 டிகிரி வரை ஒரே குறைந்த வேகத்தில் ஓடட்டும், அதற்கு மேல் படிப்படியாக ஏறட்டும். வேகம் மாறுவதற்கு முன் சில நொடி காத்திருக்கச் சொல்லும் அமைப்பும் பல போர்டுகளில் உண்டு. மூன்று நான்கு நொடி வையுங்கள். செலவே இல்லாத தீர்வு இது, ஆனால் முயன்று பார்ப்பவர்கள் குறைவு.

## கேம் ஆடும்போது மட்டும்

கிராபிக்ஸ் கார்டு. கனமான வேலையில் ஓரளவு இரைச்சல் இருக்கத்தான் செய்யும். முன்பு இல்லாத அளவுக்கு என்றால் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேமை ஓட்டுங்கள். இரைச்சல் நன்றாகக் குறைந்தால் கார்டு சரி, கேபினட்டுக்குள் காற்றுதான் போதவில்லை. தூசி வலையை, முன் ஃபேனைப் பாருங்கள். கேபினட்டைச் சுவரை ஒட்டியோ மேசையின் மூடிய அறைக்குள்ளோ வைத்திருந்தால் வெளியே எடுங்கள். குறையவில்லை என்றால் கார்டைக் கழற்றி அதன் தூசியை ஊதுங்கள். கேமின் ஃபிரேம் எண்ணிக்கையை மானிட்டரின் அளவுக்கு, 60 அல்லது 75 என்று, கட்டுப்படுத்தினாலும் கார்டின் சூடும் சத்தமும் இறங்கும்.

சும்மா இருக்கும்போது கார்டின் ஃபேன் நின்றே இருந்தால் பதறாதீர்கள், சூடு ஏறும்வரை நிற்கும்படிதான் பல கார்டுகளைச் செய்கிறார்கள். ஓடும்போது கொரகொர என்றால் பேரிங். கார்டைப் பிரித்து ஃபேன் மாற்றுவது நுணுக்கமான வேலை. வாரன்டி இருந்தால் திருகாணியைத் தொடும் முன் வாரன்டிக்கு அனுப்புங்கள்.

## கேபினட்டே ரீங்காரமிடுகிறது

ஒவ்வொரு பக்கமாக உள்ளங்கையால் அழுத்துங்கள். அழுத்தியதும் நின்றால் அந்தத் தகட்டின் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது. ஃபேன் ஸ்குரூக்களையும் ஹார்டு டிஸ்க் ஸ்குரூக்களையும் பாருங்கள், கேபினட்டின் அடி ரப்பர்கள் நான்கும் தரையில் படுகின்றனவா என்றும் பாருங்கள். ஃபேன் ஸ்குரூவை வெறியோடு முறுக்க வேண்டாம். சட்டம் கோணினால் இறக்கை உரசும்.

ஊம்… ஊம்… என்று அலைபோல ஏறி இறங்கும் ரீங்காரம் வேறு ரகம். ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும் இரண்டு ஃபேன்களின் ஒலி ஒன்றோடொன்று மோதுவதால் வருவது. இரண்டும் நல்ல ஃபேன்களே. பயாஸில் ஒன்றின் வேகத்தை நிமிடத்துக்கு 100 சுற்று குறைத்துவிட்டால் போய்விடும்.

## எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து

வெளியிலிருந்து அதன் வலையில் உள்ள தூசியை ஊதுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒயரைப் பிடுங்கிய பிறகும் ஆபத்தான மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். எண்ணெய் விடுகிறேன் என்று யாரும் அதைத் திறக்க வேண்டாம். வாரன்டி இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் முழுதாக மாற்றுங்கள். கருகல் வாசனை வந்தால் உடனே மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

## ஃபேன் மாதிரி கேட்கும், ஆனால் ஃபேன் இல்லை

டொக்… டொக் என்று ஹார்டு டிஸ்க்கிலிருந்து வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு இடத்துக்கு நகலெடுங்கள். அந்த டிஸ்க்கை இனி நம்ப முடியாது. கேம் ஓடும்போது மட்டும் கொசு போல மெல்லிய கீச்சொலி, காட்சி மாற மாறச் சுருதியும் மாறுகிறது என்றால் அது கார்டிலுள்ள காயில்கள் (கம்பிச் சுருள்கள்) அதிர்வதால் வரும் ஒலி; தொல்லைதான், ஆபத்தில்லை. தண்ணீர்க் கூலர் வைத்தவர்களுக்குக் களகளவென்று கேட்டால் பம்பில் காற்று சிக்கியிருக்கிறது. ரேடியேட்டரின் மேல் விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

## ஆளிடம் கொடுக்கும்போது

மேலே சொன்ன இடங்கள் தவிர, பேஸ்ட் மாற்றக் கை நடுங்கினாலோ, கம்ப்யூட்டர் வாரன்டியில் இருந்தாலோ, ஆன் செய்யும்போது புராசஸர் ஃபேன் பிழை என்று திரையில் வந்து, ஃபேனை மாற்றியும் போகவில்லை என்றாலோ கொடுத்துவிடுவது நல்லது. சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள். எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் இருக்கிறது, எதையெல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். காலையில் மட்டும் வரும் சத்தமென்றால் கம்ப்யூட்டரை ஒரு இரவு அங்கேயே விட்டு, மறுநாள் முதல் முறை ஆன் செய்யும்போது கேட்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது கொண்டுபோய்க் காட்டினால் அது வாயே திறக்காது, அவரும் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.